நான் ஏறாத ஜீப்பு

புதுசாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது நாலு வார்த்தை வந்து சொல்லுங்க என்று பட்டறையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பழைய ஆட்களுக்கு அது தெரியும். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டிவிடுங்க. படிப்பு அஞ்சாவது வரைக்கும்தான். பிழை இருந்தால் படிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

பவர் ஸ்டீரிங் பாக்ஸை, அதான் வளையத்தைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பிக்கொடுக்கிற பெட்டியை, எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. செல்போனில் படமே ஓடுகிறது. நான் சொல்ல வந்தது மாட்டி முடித்த பிறகு வருகிற கொஞ்ச நேரத்தைப் பற்றி. வேலை முடிந்திருக்கும், வண்டிக்காரர் கிளம்ப நிற்பார், நம்ம மனசில் மட்டும் ஏதோ ஒன்று உறுத்தும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் படத்திலும் வராது.

முதலில் நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஒரு பொம்பளை ஸ்டீரிங் பாக்ஸ் எதுக்குக் கட்டினாள் என்று கேட்பீர்கள்.

நான் சோமனூரில் தறி ஓட்டினவள். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்து, பட்டறையில் சாமான் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். டீசல் தட்டில் பல்லுச்சக்கரம், பேரிங் எல்லாம் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து அடுக்கவேண்டும். துடைக்கிறதுக்குப் பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வருமே, அந்தத் துணிக் கழிவுதான். அதில் பொடிப் பொடியாகப் பஞ்சு உதிரும். நாள் முழுக்கத் தறிக்குள் நின்றவளுக்குப் பஞ்சைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஸ்டீரிங் பாக்ஸுக்குள் போகிற சாமானை மட்டும் பழைய வேட்டித் துணியைத் துவைத்துக் காயவைத்து அதில் துடைத்துத் தனியாக வைப்பேன். பெரிய மேஸ்திரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள், "தங்கச்சி, தொடைக்கறது தொடைக்கற, ஆயில் சீலும் நீயே போட்டுரு" என்றார். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பாக்ஸ் பிரித்துக் கட்டுகிற வேலை முழுக்க என் கைக்கு வந்துவிட்டது.

பெரிய மேஸ்திரி கோட்டைமேட்டுப் பக்கத்துக்காரர். எல்லாருக்கும் அவர் பாய். பேரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் பாய் என்றே எழுதுகிறேன். அவருக்கு அடுத்தபடியாக வண்டியில் பாக்ஸை மாட்டுகிற வேலைக்குச் சின்ன மேஸ்திரி. கை வேகம், வாய் அதைவிட வேகம்.

பாய் பட்டறையில் ஒரு கட்டுத்திட்டம் வைத்திருந்தார். ஸ்டீரிங் வேலை செய்த வண்டியை வெளியே கொடுப்பதற்கு முன்னால் ரோட்டில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்ப்போம். அந்த ஓட்டத்துக்குப் பாக்ஸ் கட்டினவர் யாரோ அவர் இடது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போகவேண்டும். "ஓட்டறவன் கையில வளையம் இருக்கும், என்ன ஆனாலும் ஒடிச்சுத் திருப்பிப் பாப்பான். பக்கத்துல இருக்கறவனுக்குப் புடிக்க ஒண்ணும் கெடையாது. அங்க நாமதான் உக்காரப் போறோம்னு தெரிஞ்சா நட்டு தன்னால எறுகும்" என்பார்.

எனக்கு அந்தக் கட்டு கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாக்ஸ் கட்டுவது பிடிக்கும். யாரோ ஒரு ஆம்பளை ஓட்ட, முன்சீட்டில் ரோட்டுக்குக் காட்சியாக உட்கார்ந்து போவது பிடிக்காது. முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு மடியைப் பார்த்தபடியே போய் வருவேன். ஒரு தடவை எங்கள் நாத்தனார் பார்த்துவிட்டாள். சாயங்காலம் ஊடு தேடி வந்து, "ஏ அம்மணி, ஜீப்புல மகாராணியாட்டம் போற, கைய ஆட்டுறேன் திரும்பக்கூட மாட்டீங்கற" என்றாள்.

"டெஸ்டிங்குங்கண்ணி" என்றேன்.

"என்னத்த டெஸ்ட் பண்றாங்க, உன்னயவா?"

அந்தக் கேலி வெகு நாளைக்கு ஓடியது. அப்படியும், முணுமுணுத்துக்கொண்டாவது ஏறி உட்கார்ந்துவிடுவேன். ஏறாமல் இருந்ததில்லை.

எனக்கு என்று ஒரு பழக்கம் இருந்தது. பாக்ஸ் வண்டியில் ஏறி, போல்ட்டெல்லாம் முறுக்கி முடிந்ததும், அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பாக்ஸை ஒட்டின சேஸ் இரும்பில் மூணு விரலால் திருநீறு பட்டை போடுவேன். சேஸ் என்றால் வண்டிக்கு அடியில் நீளவாட்டில் ஓடுகிற இரும்புச் சட்டம். பாக்ஸ் அதில்தான் போல்ட்டில் நிற்கும். பாய் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். "உன் துண்ணூறு ஒரு பக்கம், என் டார்ச் லைட் ஒரு பக்கம்" என்பார். அவ்வளவுதான்.

இனி ஜீப்பு.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் ஆளும் மூட்டையும் ஏற்றிப் போய் வருகிற ஜீப்பு அது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. முதலில் சாதா ஸ்டீரிங்தான். யாரோ ஒரு காலத்தில் சேஸில் தகடு வைத்துப் பற்றவைத்து வேறொரு வண்டியின் பவர் ஸ்டீரிங்கைப் பொருத்தியிருந்தார்கள். ஜீப்புக்காரர் வந்ததும் பாயிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஏனுங்க பாய், எடது பக்கம் திருப்புனா வண்டி கொஞ்சம் யோசிச்சுப்போட்டுத்தானுங்க திரும்புது."

"வலது பக்கம்?"

"அதுக்கு யோசனையே இல்லீங்க. அதுபாட்டுக்குப் போகுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருக்கு இருந்த கவலை வேறு. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னே ஒரு பெண்ணூட்டுக்காரர்கள் ஊடு பார்க்க மலைக்கு வந்திருக்கிறார்கள். இவர் ஜீப்பில்தான் கூட்டிப் போனார். வளைவுக்கு வளைவு வண்டி ஆடுகிறதைப் பார்த்துப் பெண்ணின் அப்பா பாதி வழியிலேயே இறக்கிவிடச் சொல்லிவிட்டார். இந்த வண்டியை நம்பி எங்க பொண்ணை அனுப்பறதா என்று கேட்டாராம். இப்போது பவானியிலிருந்து வேறொரு இடம் கூடி வந்திருக்கிறது. பையனைப் பிடித்துவிட்டது, ஜாதகமும் சேர்ந்துவிட்டது. ஊடு பார்த்துவிட்டால் அங்கேயே சாப்பிட்டுக் கை நனைத்து உறுதி செய்துவிடலாம் என்றிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவார்கள். அங்கிருந்து இவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

"இந்தத் தடவ வண்டி ஆடப்படாதுங்க பாய். பையனுக்கு வயசாகுதுங்க" என்றார்.

பாக்ஸ் ஏற்கெனவே வேறு ரெண்டு பட்டறையில் சீல் மாற்றினது. பாய் பிரித்துப் பார்த்துவிட்டு, இது உள்ளேயே தேய்ந்துபோய்விட்டது, சீல் போட்டு ஏமாற்ற வேண்டாம், பாக்ஸையே மாற்றிவிடுவோம் என்றார். அதே சைசில் நல்ல பாக்ஸ் ஒன்று இருந்தது. அதைப் பிரித்துப் புதுச் சாமான் போட்டு நான் கட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் சின்ன மேஸ்திரி வண்டியில் ஏற்றினார். புது ஆயில் ஊற்றி, பைப்பில் நின்ற காற்றெல்லாம் எடுத்து, எஞ்சினைப் போட்டுத் திருப்பினால் ரெண்டு விரலுக்குப் பேசியது. ஆட்டம் சுத்தமாகப் போய்விட்டது. ஜீப்புக்காரருக்கு முகமெல்லாம் பல்லு.

அவர் பின் சீட்டில் விரிக்க ஒரு புது ஜமக்காளம் வேறு கொண்டுவந்திருந்தார். சின்ன மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, பவானிக்காரங்களுக்கே ஜமக்காளம் விரிச்சுக் காட்டுறீங்களா? திருப்பிப் பாத்து நெசவுல குத்தம் சொல்லுவாங்க" என்றார்.

"சொல்லட்டுங்க. ஜமக்காளத்தக் குத்தம் சொன்னாப் பரவால்ல, வண்டியச் சொல்லாம இருந்தாப் போதும்."

பாய் தொழுகைக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்கு அவர் பட்டறையில் இருக்க மாட்டார். போகும்போது, "ஓட்டிப் பாத்துட்டுக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பாக்ஸைச் சுற்றி வழிந்திருந்த ஆயிலையெல்லாம் டீசல் போட்டுக் கழுவி, காய்ந்த துணியில் நன்றாகத் துடைத்தேன். அந்த ஜீப்பின் சேஸ் கறுப்பு பெயிண்டில் கண்ணாடி மாதிரி இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தன் கையாலேயே அடிக்கிறதாக ஜீப்புக்காரர் பெருமையாகச் சொல்லியிருந்தார். மேலே மேலே அடித்து அடித்து ஒரு சீலைத் துணி கனத்துக்கு இருக்கும். அதன்மேல் மூணு விரலால் திருநீறு போட்டேன். கறுப்பில் வெள்ளை, நன்றாகத்தான் இருந்தது. டீ வந்தது, குடிக்கப் போனேன்.

டீ குடித்துவிட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வந்தேன். பட்டையின் குறுக்கே ஒரு கோடு. ஆணியால் கிழித்த மாதிரி, மேலிருந்து கீழாக, மூணு பட்டையையும் வெட்டிக்கொண்டு போயிருந்தது. யாரோ கையை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன்.

அதற்குள் ஜீப்புக்காரருக்குப் போன் வந்துவிட்டது. அவர்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்களாம், பாதி வழி தாண்டிவிட்டார்களாம். "இதா, கெளம்பியாச்சுங்க, வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு வந்தார்.

"டெஸ்டிங்குக்குன்னு தனியா ஓட்ட வேண்டாமுங்க. நான் மேட்டுப்பாளையம்தான போறேன். அம்மணி என்கூடவே அது வரைக்கும் வரட்டும். அங்கிருந்து பஸ் ஏத்தி உட்டர்றேன். டெஸ்டிங்கும் ஆச்சு, நேரமும் மிச்சம்" என்றார்.

சின்ன மேஸ்திரிக்கும் அது சரி என்றுதான் பட்டது. "ஏறுங்கக்கா" என்றார்.

நான் பட்டையைத் திரும்பிப் பார்த்தேன். கோடு மறுபடியும் வந்திருந்தது. அதே இடத்தில், அதே வளைவோடு. வெள்ளையின் மேல் ஈரமான கறுப்பு மயிர் ஒன்று கிடக்கிற மாதிரி.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எனக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்துகொண்டுதான் நின்றேன் என்று நினைக்காதீங்க. நகத்தால் தடவிப் பார்த்தேன், நகத்துக்கு ஒன்றும் தட்டவில்லை. யோசித்தது இவ்வளவுதான்: ஆயில் மேலேயிருந்து வழிந்தால் பட்டையில் திட்டாகப் பரவும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் வரும். இது துடைத்தாலும் அதே இடத்துக்கு வருகிறது. உள்ளேயிருந்து வருகிறது.

"மேஸ்திரி, இங்க ஒரு கோடு வருதுங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். "ஆயிலுக்கா. புதுசா ஊத்துனோமில்ல, எங்காச்சும் தங்கியிருந்து வழியும். தொடச்சுட்டு ஏறுங்க."

"பாய் வந்துறட்டுமேங்க."

ஜீப்புக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "பாய் எப்ப வர்றது, நான் எப்பப் போறது? ஏனுங்க அம்மணி, பஸ் ஸ்டாண்டுல பொண்ணூட்டுக்காரங்கள வெயில்ல நிக்க வெக்கறதுங்களா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஒரு கோட்டைக் காட்டி ஒரு கல்யாணத்தை நிறுத்த முடியுமா? வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போல இருந்தது. சின்ன மேஸ்திரி அந்தப் பக்கம் போய் இடது பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுதான் எனக்கு எப்போதும் ஆகாது.

அந்தச் சீட்டைப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் சமதரை ரோடுதான். அங்கே நான் இறங்கிக்கொள்வேன். நான் இறங்கின இடத்தில் அந்தப் பெண்ணின் அம்மாவோ யாரோ ஏறி உட்காருவார்கள். அதற்கு மேலேதான் மலை.

"நான் ஏறலீங்க" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை.

"என்னங்க?"

"ஏறலீங்க."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்படிச் சொல்றீங்களே! ஏறாட்டிப் போங்க, நான் போயிக்கறேன்" என்று சொல்லி அவர் ஓட்டுகிற சீட்டில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டார். எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது.

அப்போது சின்ன மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். எத்தனை வருஷமாகப் பார்க்கிறார், நான் முணுமுணுத்துப் பார்த்திருக்கிறாரே தவிர ஏறாமல் நின்று பார்த்ததில்லை. திறந்து பிடித்திருந்த கதவைச் சாத்தினார். பாயின் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்து முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தார்.

"அண்ணா, கௌம்பாதீங்க. நின்ன எடத்துலயே எடது பக்கம் முழுசா ஒடிங்க. அப்படியே வலது பக்கம்."

ஜீப்புக்காரர் கோபத்தோடே ஒடித்தார். வண்டி நின்றபடி சக்கரம் திரும்பினால் பாக்ஸுக்கு எவ்வளவு இழுப்பு வரும் என்று உங்களுக்குத் தெரியும். காலையிலும் அப்படித் திருப்பிப் பார்த்தோம். ஆனால் எல்லாருடைய கண்ணும் பாக்ஸின் மேலேயே இருந்தது. பாக்ஸ் நிற்கிற இரும்பை யாரும் பார்க்கவில்லை.

இடது பக்கம் ஒடித்தபோது கோடு விரிந்தது. வலது பக்கம் ஒடித்தபோது மூடிக்கொண்டது. மறுபடியும் ஒடித்தபோது, வெள்ளைப் பட்டைக்கு நடுவில் கறுப்பாக வாய் திறந்து மூடுகிற மாதிரி, அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"போதுமுங்களா? என்னங்க தெரியுது?" என்று மேலேயிருந்து கேட்டார்.

சின்ன மேஸ்திரி பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எழுந்து போய், "நீங்க எறங்கி வந்து பாருங்கண்ணா, நான் ஒடிக்கறேன்" என்றார்.

ஜீப்புக்காரர் என் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். டார்ச்சை நான் பிடித்தேன். சின்ன மேஸ்திரி ஒடித்தார். அவர் பார்த்தார். இன்னொரு தடவை ஒடிக்கச் சொன்னார். பார்த்தார். சட்டைப் பையில் போன் அடித்தது, எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. அப்போதுதான் எடுத்தார்.

"சம்பந்தி, மன்னிச்சுக்கோணுமுங்க. வண்டி வராதுங்க. நான் பஸ்ஸுல வாரேனுங்க" என்றார்.

பாய் வந்தபோது நாங்கள் மூணு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். தொப்பியைக்கூட எடுக்காமல் குனிந்து பார்த்தார். பெயிண்டைச் சுரண்டச் சொன்னார். சுரண்டச் சுரண்ட வெடிப்பு நீண்டுகொண்டே போனது. பழைய தகடு பற்றவைத்த ஓரத்தில் கிளம்பி, பாக்ஸ் போல்ட்டைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வரைக்கும் வந்திருந்தது.

"பெயிண்டு யாரு அடிச்சது?" என்றார்.

"நாந்தானுங்க பாய். பூஜைக்குப் பூஜை."

"நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க" என்றார்.

பெயிண்ட் அடித்தது குற்றமில்லை. நம்ம பக்கத்தில் வண்டி வைத்திருக்கிற யாரும் பூஜைக்குச் சும்மா விடமாட்டார்கள். கழுவி, பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, குழந்தையைப் போல வைத்திருப்பார்கள். அந்த அன்புதான் வெடிப்பை மூடிவிட்டது. கவனிக்காமல் துருப் பிடித்துக் கிடந்த வண்டியாக இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நீங்கள் வேலைக்கு எடுக்கிற வண்டி ரொம்ப அழகாக இருந்தால் இன்னொரு தடவை குனிந்து பாருங்க.

ஜீப்புக்காரர் பின் சீட்டிலிருந்து ஜமக்காளத்தை எடுத்துச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். என்னைப் பார்க்கவில்லை. சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அவர் போன பிறகு பாய் எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பழைய பாக்ஸ் லூசா இருந்துச்சு. ரோடு குடுக்கற குலுக்கல்ல பாதிய அதுவே ஆடித் தின்னுபோட்டுது. அதனாலதான் சேஸு இத்தன நாள் தாங்குச்சு. நாம கெட்டியா ஒண்ணக் கொண்டாந்து மாட்டிட்டோம். இனி மொத்த இழுப்பும் வெடிப்புக்குத்தான் போகும். மலையேறி முடிக்கறதுக்குள்ள பாக்ஸு பிச்சுட்டு வந்திருக்கும்."

இதை மட்டும் நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும். இத்துப்போனதைக் கழற்றிவிட்டுக் கெட்டியானதை மாட்டும்போது, அது எதன்மேல் நிற்கப் போகிறதோ அதைப் பார்க்கவேண்டும். நாம் பாக்ஸை மட்டும்தான் பார்த்தோம். ஏனென்றால் வண்டிக்காரர் பாக்ஸ் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார், நாமும் பாக்ஸ் வேலைக்காரர்கள்.

சின்ன மேஸ்திரி ரெண்டு மூணு நாளைக்கு, "சாமி காட்டிக் குடுத்துருச்சுக்கா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாய், "டீசல் காட்டுச்சுடா" என்றார். வெடிப்புக்குள் டீசல் இறங்கிவிடும், மேலே துடைத்தாலும் உள்ளே இருக்கும், அதன்மேல் காய்ந்த பொடி எதைத் தடவினாலும் டீசல் மெதுவாக ஊறி வந்து கோடு காட்டும். அந்தக் காலத்தில் சாக்பீஸ் தூளைத் தடவிப் பார்ப்பார்களாம், அவருக்கும் மறந்துபோய்விட்டதாம். இப்போது நம்ம பட்டறையில் சிவப்பும் வெள்ளையுமாக ரெண்டு ஸ்பிரே டப்பா வைத்திருக்கிறோமே, அதுவும் இதே வேலைதான். நான் ரெண்டு பேர் சொன்னதற்கும் தலையாட்டிக்கொண்டேன்.

சேஸை வெல்டிங் ஆளிடம் அனுப்பி, வெடிப்பை முழுக்கத் திறந்து பற்றவைத்து, உள்ளே வெளியே புதுத் தகடு போட்டு வாங்கினோம். பாக்ஸை மறுபடியும் ஏற்றினோம். ஜீப்புக்காரருக்குச் சொல்லிவிட்டதும் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நான் அந்த இடத்தை டீசலில் கழுவித் துடைத்து, திருநீறு போட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அவரும் என் பக்கத்திலேயே நின்று பார்த்தார். கோடு வரவில்லை.

"இப்பவாச்சும் ஏறுவீங்களா அம்மணி?" என்றார். கேலியா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். அவரே ஓட்டினார். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு மலை பஸ்ஸுலதான் கூட்டிட்டுப் போனேனுங்க. பஸ் நிக்கற எடத்துல இருந்து நடந்தோம். பொண்ணும் வந்திருந்துச்சு, அது நடந்துருச்சுங்க. அதோட அம்மாவுக்குக் கால் வலி, பாதியில கல்லு மேல உக்காந்துட்டாங்க. தண்ணி வாங்கிக் குடுத்தேன். ஒண்ணும் பேசல. ரெண்டு நாள் கழிச்சு, வேற எடம் பாத்துக்கறோமுன்னு சொல்லி உட்டாங்க."

நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டி போயிருந்தா முடிஞ்சிருக்குமுங்க" என்றார்.

மலையில் பாக்ஸ் பிய்ந்துகொண்டு வந்திருக்கும் என்று பாய் சொன்னார். ஆனால் அன்றைக்கே பிய்ந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஒருவேளை அந்த ஒரு நடை தாங்கியிருக்கலாம். பெண்ணூட்டுக்காரர்கள் ஊடு பார்த்து, கை நனைத்து, சந்தோஷமாக இறங்கிப் போயிருக்கலாம். நடந்ததற்கு அத்தாட்சி இருக்கிறது, நடக்காமல் போனதற்கு என்ன அத்தாட்சியைக் காட்டுவது.

"ஆமாங்க" என்றேன்.

அவர் ரோட்டோரமாக இடம் பார்த்து வண்டியை வளைத்துத் திருப்பினார். ஒரே ஒடிப்பில் திரும்பியது. பட்டறைக்கு வந்து என்னை இறக்கிவிட்டுவிட்டு மலைக்குப் போனார்.

இதைத்தான் பிள்ளைகளே எழுத வந்தேன். நாம் ஒரு வண்டியை விடமாட்டோம் என்று நிறுத்தினால், கும்பிட்டு நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிறுத்தினதால் ஒருவருக்கு நிஜமாகவே நஷ்டம் வரும். அதை அவர் நம்ம முகத்துக்கு நேராகச் சொல்வார், சொல்வது நிஜமாகவும் இருக்கும். கேட்டுக்கொள்ளவேண்டும். கேட்டுக்கொண்டு, அடுத்த வண்டிக்கும் அப்படியேதான் நிற்கவேண்டும். பேசத் தெரிந்தவர்கள் காரணம் சொல்லுங்க. என்னைப் போல வாய் வராதவர்கள் யாராவது உங்களில் இருந்தால், அந்தச் சீட்டில் ஏறாமல் நின்றால் போதும். பக்கத்தில் இருக்கிறவர்கள் டார்ச்சை எடுப்பார்கள். எடுக்கவேண்டும். அன்றைக்குச் சின்ன மேஸ்திரி கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால் நான் நின்றதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அதற்கு அடுத்த ஆயுத பூஜை முடிந்து அந்த ஜீப்பு ஆயில் மாற்ற வந்தது. ஜீப்புக்காரர் பாயிடம் பேசிக்கொண்டிருந்தார். பையனுக்கு ஆச்சுங்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. டீசல் துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் குனிந்தேன். சேஸ் முழுக்கப் புதுக் கறுப்பு பெயிண்ட். ஸ்டீரிங் பாக்ஸை ஒட்டி ஒரு சாண் இடம் மட்டும் பெயிண்ட் இல்லை. வெறும் இரும்பு, துடைத்துத் துடைத்து வெளுத்திருந்தது. அதன்மேல் மூணு விரல் பட்டையாகத் திருநீறு அவரே போட்டிருந்தார். கோடு இல்லை.